செக் நாட்டுப் புகைவண்டி: எமில் ஸாட்டோபெக்



பரிசளிப்பு விழா என்றால் நமக்கெல்லாம் ஒரே கொண்டாட்டந்தான். மேடையிலே மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கிண்ணங்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பெயரை வாசித்ததும் பிள்ளை மேடையேறுவான். கீழே உட்கார்ந்திருக்கும் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த தகப்பன், பக்கத்தில் இருப்பவரிடம், அது நம்ம பையன்தாங்க என்று மெல்லச் சொல்லிக்கொள்வார். இதைவிட இன்பம் வேறு என்ன இருக்கிறது?

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டப் பந்தயத்தில் எட்டுப் பேர் ஓடினால் பரிசு மூன்று பேருக்குத்தான். மீதி ஐந்து பேர் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவனுக்குப் புதுச் சப்பாத்து இல்லை என்ற குறை இருக்கும். இன்னொருத்தியை, நீ ஓடுவது வாத்து நடப்பது மாதிரி இருக்கிறது என்று யாரோ கேலி செய்திருப்பார்கள். வேறொருவன் வெற்றிக் கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது தோற்றிருப்பான். இந்தக் கட்டுரை அந்த ஐந்து பேருக்காக எழுதியது. பரிசு வாங்கிய மூன்று பேரும் படிக்கலாம். அவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பையன், பார்க்கச் சகிக்காத மாதிரி ஓடி, உலகத்தையே எழுந்து நிற்க வைத்தான். அவன் பெயர் எமில் ஸாட்டோபெக்.

தச்சர் வீட்டுப் பிள்ளை

எமில் 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் பிறந்தார். ஊர் கோப்ரிவ்னிட்சே. அன்றைக்குச் செக்கோஸ்லோவாக்கியா என்று பெயர் பெற்றிருந்த நாட்டிலே, மொராவியா என்னும் பகுதியில் இருக்கிறது. 1993ஆம் ஆண்டு அந்த நாடு இரண்டாகப் பிரிந்தபின், அந்த ஊர் செக் நாட்டைச் சேர்ந்தது.

நம் செந்தூலுக்கு எப்படி இரயில் பட்டறை ஓர் அடையாளமாக இருந்ததோ, அப்படி கோப்ரிவ்னிட்சேக்கு டாட்ரா தொழிற்சாலை. முதலில் குதிரை வண்டி செய்தார்கள். பிறகு இரயில் பெட்டி செய்தார்கள். அதற்கும் பிறகு மோட்டார் வண்டி செய்தார்கள். எமிலின் தகப்பனார் அங்கே தச்சு வேலை பார்த்தார். வீடு நிறையப் பிள்ளைகள், கையிலோ ஒரே ஒரு சம்பளம். அந்தக் குடும்பக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. லயத்து வீட்டில் வளர்ந்த எவருக்கும் அது தெரிந்த கணக்குத்தான்.

பையனுக்கு ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. அது கைகூடவில்லை. பதினாறு வயதிலே ஸ்லீன் என்னும் ஊரிலிருந்த பெரிய சப்பாத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டான். எந்தத் தொழிற்சாலை தெரியுமா? பாட்டா!

ஆமாம், நம்ம பாட்டாதான். 1894ஆம் ஆண்டு அந்த ஸ்லீன் பட்டணத்தில்தான் அது பிறந்தது. பிறகு உலகமெங்கும் பரவி நம் நாட்டுக்கும் வந்தது; நம் கிள்ளானிலேயே அதற்குத் தொழிற்சாலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கான்வாஸ் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, வாசற்படியில் காய வைத்த தலைமுறைதானே நாமெல்லாம்? இப்போது பிள்ளைகள் கறுப்புச் சப்பாத்துக்கு மாறிவிட்டார்கள்; வெள்ளை பூசும் வேலை மிச்சம். அந்தச் சப்பாத்துகளின் தாய்வீட்டிலேதான் எமில் பகலெல்லாம் உழைத்தான். வேலை நேரம் போக மீதி நேரத்தில் படித்தான். ஓட்டத்தைப் பற்றி அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

மாட்டேன் என்ற பையன்

1941ஆம் ஆண்டு. நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம். தொழிற்சாலைப் பையன்களுக்கு ஓர் ஓட்டப் பந்தயம் ஏற்பாடாகியிருந்தது. அங்கே விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் நான்கு பையன்களைக் கைகாட்டி, நீங்கள் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதில் எமிலும் ஒருவன்.

எமில் என்ன செய்தான்? நம்ம பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதையே செய்தான். எனக்கு உடம்பு சரியில்லை, நான் பலவீனமானவன், என்னால் முடியாது என்று சாக்குச் சொன்னான். அவர் விடவில்லை, மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, தாராளமாக ஓடலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்! வேறு வழியில்லை. ஓடினான்.

சுமார் நூறு பேர் ஓடிய பந்தயத்தில் எமில் இரண்டாவதாக வந்தான். முதல் ஆளாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் வாழ்க்கையே ஒரு தோல்வியில்தான் தொடங்கியது. ஆனால் ஓடிக்கொண்டிருந்தபோது, முன்னால் போகிறவனைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்குள்ளே முளைத்துவிட்டது. அதற்குப் பிறகு அது அடங்கவேயில்லை. மூன்றே ஆண்டுகளில், 1944ஆம் ஆண்டு, 2,000, 3,000, 5,000 மீட்டர் ஓட்டங்களில் தன் நாட்டுச் சாதனைகளை முறியடித்தான்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அன்றைக்கு அந்தப் பொறுப்பாளர், சரி போ என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னால முடியாது என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அது நிஜமா, இல்லை வெறும் பயமா என்று பார்த்துச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

அழகில்லாத ஓட்டம்

போர் முடிந்தது. எமில் இராணுவத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்து ஒலிம்பிக் ஓட்டக்காரர்களுக்கு ஓடுவதற்குக் காசு கிடையாது. காசு வாங்கினால் ஒலிம்பிக்கில் இடமும் கிடையாது. பிழைப்புக்கு ஒரு வேலை, ஓட்டம் அதற்கு மேலே. எமிலுக்குப் பிழைப்பு இராணுவம்.

வேலை முடிந்த பிறகு இருட்டிலே, கையில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். பனி கொட்டும் காலத்தில் கனமான இராணுவப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடுவார். பூட்ஸ் கனத்தோடு பழகிய கால், பந்தயத்தன்று இலேசான சப்பாத்தில் தானாகப் பறக்கும் என்பது அவர் கணக்கு. துணி துவைக்கும்போதுகூடத் தொட்டியில் அழுக்குத் துணிகளைப் போட்டு, அதன்மேல் நின்ற இடத்திலேயே ஓடினார் என்று சொல்வார்கள்.

இதைவிட முக்கியமானது அவர் பயிற்சி செய்த முறை. நெடுந்தூரம் ஓடுகிறவன் நெடுந்தூரம் ஓடித்தானே பழக வேண்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள். எமில் அந்தத் தூரத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். 200 மீட்டர் வேகமாக ஐந்து முறை. 400 மீட்டர் வேகமாக இருபது முறை. மறுபடியும் 200 மீட்டர் ஐந்து முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவிலே மெதுவான ஓட்டம், மூச்சைச் சரிசெய்துகொள்ள. கூட்டிப் பாருங்கள்: வேகமாக ஓடியது மட்டும் 10,000 மீட்டர்! இப்படித் துண்டு போட்டுப் பழகுவதை அவருக்கு முன்னால் சிலர் செய்திருக்கிறார்கள். ஆனால் இத்தனை தடவை, இத்தனை கடுமையாக யாரும் செய்ததில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் இன்றுவரை ஏதாவது ஒரு வகையில் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, அவர் ஓடும் அழகு எப்படி இருந்தது? அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து உருளும். முகம் தாங்க முடியாத வலியில் துடிப்பவன் முகம் மாதிரி கோணிக்கொள்ளும். தோள் ஒரு பக்கம் இழுக்கும், உடம்பு இன்னொரு பக்கம் ஆடும். மூச்சோ, திடலுக்கு வெளியே இருப்பவனுக்குக்கூடக் கேட்கும் போலிருக்கும். மலையேறும் இரயில் இஞ்சின் மாதிரி புசுபுசு என்று சத்தம் போட்டுக்கொண்டே வருவார். அதனால்தான் உலகம் அவருக்குச் செக் நாட்டுப் புகைவண்டி என்று பட்டப்பெயர் வைத்தது. இரயிலோடு வளர்ந்த செந்தூல்காரர்களுக்கு இந்தப் பெயர் பிடிக்காமலா போகும்?

பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். இந்த ஆள் அடுத்த சுற்றில் விழுந்துவிடுவார் என்று புதிதாகப் பார்த்தவர்கள் பயந்தார்கள். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் கால்களைப் பார்த்தார்கள். இடுப்புக்கு மேலேதான் அத்தனை ஆட்டமும். கீழே கால்கள் சீராக, ஒரே தாளத்தில், வீண் அசைவில்லாமல் போய்க்கொண்டிருந்தன. எதை மாற்ற வேண்டுமோ அதை ஆயிரம் முறை பழகி மாற்றினார். முகத்தை அழகாக வைத்துக்கொள்வதில் அவர் நேரத்தைச் செலவழிக்கவில்லை. ஆகவே தம்பி, தங்கச்சி, யாராவது உங்கள் ஓட்டத்தைப் பார்த்துச் சிரித்தால், அவர்கள் காலைப் பார்த்துச் சிரித்தார்களா, முகத்தைப் பார்த்துச் சிரித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலைப் பார்த்து ஆசிரியர் குறை சொன்னால் திருத்திக்கொள்ளுங்கள். மற்றதை விட்டுத்தள்ளுங்கள்.

லண்டனில் கிடைத்த பாடம்

1946ஆம் ஆண்டு ஆஸ்லோவில் ஐரோப்பியப் போட்டி. எமில் 5,000 மீட்டரில் தம் நாட்டுச் சாதனையை மறுபடி முறியடித்தார். ஆனாலும் ஐந்தாவது இடந்தான். தம் வாழ்நாளில் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடியும் நான்கு பேர் முன்னால்!

இரண்டு ஆண்டு கழித்து, 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக். 10,000 மீட்டர், அதாவது பெரிய திடலை 25 சுற்று. அதில் எமில் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த பிரெஞ்சு வீரர் அலென் மிமூனுக்கும் அவருக்கும் இடையே நெடுந்தூர இடைவெளி. அதுவரை வெளியுலகம் அதிகம் அறியாத செக் இராணுவக்காரர் ஒரே நாளில் புகழ்பெற்றார்.

அடுத்து 5,000 மீட்டர். இங்கேதான் எமில் ஒரு தப்புச் செய்தார். முதல் சுற்றுத் தேர்வு ஓட்டத்திலே முன்னணியில் வந்த சிலரும் இறுதிப் போட்டிக்குப் போகலாம்; யார் முதல் என்பதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எமில் ஒரு சுவீடன் வீரரோடு போட்டி போட்டுக்கொண்டு வெற்றிக் கோடு வரை உயிரைக் கொடுத்து ஓடினார். தேவையில்லாத ஓட்டம்! இறுதிப் போட்டியன்று மழை. திடல் சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. பெல்ஜிய நாட்டுக் காஸ்டன் ரைஃப் முன்னால் போய்விட்டார். எமில் வெகுதூரம் பின்தங்கிவிட்டார். கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், கடைசிச் சுற்றிலே புகைவண்டி கிளம்பியது. கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. ரைஃப் திரும்பிப் பார்க்கிறார். இடைவெளி குறைகிறது, குறைகிறது... கோடு வந்துவிட்டது. ரைஃப் 14 நிமிடம் 17.6 வினாடி. எமில் 14 நிமிடம் 17.8 வினாடி.

புள்ளி இரண்டு வினாடி! கண்ணை மூடித் திறக்கும் நேரம். வேறு ஆளாக இருந்தால் மழையைக் குறை சொல்லியிருப்பார், சேற்றைக் குறை சொல்லியிருப்பார். எமிலோ வீட்டுக்குப் போய் இன்னும் அதிகம் பழகினார். 1950ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரத்தில், அதாவது ரைஃபின் சொந்த நாட்டிலேயே, ஐரோப்பியப் போட்டி நடந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் எமில் கெட்ட உணவு சாப்பிட்டு மருத்துவமனையில் கிடந்தார். எழுந்து போய் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கி வந்தார். மறு ஆண்டு, ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய முதல் மனிதர் என்ற பெயரும் எடுத்தார்.

ஹெல்சிங்கி: எட்டு நாள், மூன்று தங்கம்

1952ஆம் ஆண்டு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்தில் ஒலிம்பிக். அந்த ஆண்டு எமில் நோய்வாய்ப்பட்டிருந்தார். அது போதாதென்று புறப்படும் நேரத்தில் ஒரு தகராறு. ஸ்டானிஸ்லாவ் யுங்விர்ட் என்ற இளம் ஓட்டக்காரரின் தகப்பனார் அரசியல் காரணத்துக்காகச் சிறையில் இருந்தார். ஆகவே மகனை ஒலிம்பிக்குக்கு அனுப்ப மாட்டோம் என்றது அரசாங்கம். அவர் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று எமில் விமானம் ஏற மறுத்துவிட்டார். இராணுவத்தில் இருப்பவர் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தார். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. இருவரும் போனார்கள்.

ஜூலை 20ஆம் நாள் 10,000 மீட்டர்: தங்கம். ஜூலை 24ஆம் நாள் 5,000 மீட்டர். கடைசிச் சுற்றில் எமில் முந்தப் பார்த்தார். மூன்று பேர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். இங்கிலாந்தின் சாட்டவே, ஜெர்மனியின் ஷாடே, பிரான்சின் மிமூன். எமில் நான்காவது. லண்டன் கதைதான் மறுபடியும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இது நான்கு ஆண்டு பழகிய எமில். கடைசி வளைவிலே வெளிப்பக்கமாக விலகி, தலையை ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு ஒரே பாய்ச்சல்! சாட்டவே களைத்துப்போய் ஓரத்துக் கட்டையில் கால் இடறி விழுந்தார். எமில் முதலாவது. 14 நிமிடம் 6.6 வினாடி; புதிய ஒலிம்பிக் சாதனை.

அதே நாள், அதே திடலில், கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு பெண்மணி ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். அவர் பெயர் டானா. எமிலின் மனைவி! இருவரும் ஒரே ஆண்டு, ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒரே நாளில் தங்கமும் வாங்கினார்கள்.

இத்தோடு நின்றிருக்கலாம். எமில் நிற்கவில்லை. மாரத்தானிலும் ஓடுகிறேன் என்றார். 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். நம்ம கணக்கில் செந்தூலிலிருந்து கிள்ளான் பட்டணம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதற்கு முன் ஒரு மாரத்தான்கூட ஓடியதில்லை! எப்படி ஓடுவது என்று தெரியாது. உலகத்திலேயே வேகமான மாரத்தான் வீரர் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் என்று கேள்விப்பட்டு, அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஓடினார். எமிலுக்குப் பல மொழிகள் தெரியும். வழியிலே பீட்டர்ஸிடம் ஆங்கிலத்தில், இந்த வேகம் சரிதானா என்று விசாரித்தார். பீட்டர்ஸ் அவரைக் குழப்ப எண்ணி, இது மெதுவான வேகம் என்று சொல்லி வைத்தார். எமில் அப்படியே நம்பி வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார்! பாவம் பீட்டர்ஸ், தசை பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டார். எமில் 2 மணி 23 நிமிடம் 3.2 வினாடியில் திடலுக்குள் நுழைந்தார். இரண்டாவது ஆள் வருவதற்கு இன்னும் இரண்டரை நிமிடம் இருந்தது. ஜமைக்கா நாட்டு ஓட்டக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார்கள்.

எட்டு நாளில் மூன்று தங்கம். 5,000, 10,000, மாரத்தான் மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சப்பாத்தைப் பற்றி ஒரு வார்த்தை

சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் கதையிலே சப்பாத்தைப் பற்றிச் சொல்லாமல் போகலாமா? புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் பிள்ளை ஜெயித்துவிடுவான் என்று கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுக்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்னொரு கதையையும் கேளுங்கள்.

எத்தியோப்பியாவைச் சேர்ந்த அபேபே பிகிலா 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் மாரத்தானுக்கு வந்தார். அங்கே கிடைத்த புதுச் சப்பாத்து காலுக்குச் சேரவில்லை, கொப்புளம் போட்டது. கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினார், ஊரில் பழகியது போலவே. தங்கம் வென்றார், உலகிலேயே சிறந்த நேரத்தோடு! அதற்காகச் சப்பாத்தே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அதே பிகிலா 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் காலுக்குச் சரியான சப்பாத்து அணிந்து மறுபடியும் தங்கம் வென்றார். ஆக, விலையைவிடப் பொருத்தம் பெரிது. பந்தயத்தன்று காலையில் முதல் முதலாகப் புதுச் சப்பாத்தை மாட்டாதீர்கள். இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுப் பழக்குங்கள். இல்லாவிட்டால் பழைய சப்பாத்தே மேல்.

ஆறாவதாக வந்தவர்

மலை ஏறியவர் இறங்கத்தானே வேண்டும்? 1948ஆம் ஆண்டிலிருந்து ஆறு ஆண்டுகள் 10,000 மீட்டரில் எமிலை யாரும் வெல்ல முடியவில்லை. 1954ஆம் ஆண்டு அந்தத் தூரத்தை 29 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரும் அவரே. ஆனால் அதே ஆண்டு ஐரோப்பியப் போட்டியின் 5,000 மீட்டரில் சோவியத் நாட்டுக் கூட்ஸ் முன்னால் போனார். ஹெல்சிங்கியில் விழுந்த அதே சாட்டவேயும் எமிலைத் தாண்டிப் போனார். எமில் மூன்றாவது.

1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக். விடுதலைக்கு முன்னாலேயே நம் மலாயா முதன்முதலாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் அதுதான். எமிலுக்கு அப்போது வயது 34. அந்த ஆண்டு குடலிறக்கம் வந்து அறுவை சிகிச்சை செய்திருந்தார். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியும் கேட்காமல் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிட்டார். இதைப் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம்! மாரத்தான் அன்று கடும் வெயில். எமில் ஆறாவதாக வந்தார்.

முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? அலென் மிமூன்! 1948லும் 1952லும் மொத்தம் மூன்று முறை எமிலுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த அதே மிமூன். வென்றவர் பாராட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போகவில்லை. கோட்டருகே நின்று எமிலுக்காகக் காத்திருந்தார். களைத்துப்போய் வந்து சேர்ந்த எமிலிடம், நான் ஜெயித்துவிட்டேன் என்று தெரிவித்தார். எமில் நிமிர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றி, இராணுவ வணக்கம் வைத்துவிட்டு அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். ஆறாவதாக வந்தவனின் முகத்தில் பொறாமை இல்லை.

அதிகாரத்தின் முன்னே

1958ஆம் ஆண்டு எமில் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். பத்து ஆண்டு கழித்து வேறொரு பந்தயம் வந்தது. 1968ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் மக்களுக்குப் பேச்சுரிமை வேண்டும் என்று ஓர் எழுச்சி உண்டாயிற்று. எமிலும் அதற்கு ஆதரவாகக் கையெழுத்திட்டார். ஆகஸ்டு மாதம் சோவியத் நாடும் அதன் கூட்டாளிகளும் டாங்கிகளோடு உள்ளே புகுந்தபோது, பிராக் நகரத்து வீதியில் மக்கள் நடுவே நின்று அதை எதிர்த்துப் பேசினார்.

விலை கொடுக்க வேண்டி வந்தது. கட்சியிலிருந்து நீக்கினார்கள். இராணுவ வேலை போயிற்று. ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கிய மனிதர் பூமியைத் துளையிடும் கூட்டத்தோடு கூலியாளாக ஊர் ஊராகப் போனார். மனைவியைப் பிரிந்து, வண்டிக் குடிலில் தங்கி, சேற்றிலும் குளிரிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். நெருக்குதல் தாங்காமல், முன்பு பேசியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நிலைமைக்கும் ஒரு கட்டத்தில் ஆளானார். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவர் தெய்வப் பிறவி அல்ல, மனிதர். ஓடும்போது அவர் முகம் கோணியது உலகத்துக்குத் தெரியும். உள்ளுக்குள்ளே என்ன கோணியது என்று யாருக்குத் தெரியும்? 1990ஆம் ஆண்டு, ஆட்சி மாறிய பிறகு, நாடு அவருக்குப் பழைய மரியாதையைத் திருப்பித் தந்தது. 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிராக் நகரத்தில் காலமானார். வயது 78.

சின்னஞ்சிறு பொட்டலம்

பரிசு வாங்கியவர்களுக்கு ஒரு சேதி சொல்கிறேன் என்றேன் அல்லவா? இதோ.

ஆஸ்திரேலியாவில் ரான் கிளார்க் என்று ஓர் ஓட்டக்காரர் இருந்தார். உலகச் சாதனைகளை அடுக்கடுக்காக முறியடித்தவர். ஆனால் ஒலிம்பிக் தங்கம் மட்டும் அவருக்கு எட்டவேயில்லை. 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். 1960களில் அவர் பிராக் நகரத்துக்கு எமிலின் விருந்தாளியாக வந்தார். திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் எமில் ஒரு சின்னப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து அழுத்தினார். என்ன ஏது என்று கிளார்க்குக்குப் புரியவில்லை. விமானம் ஏறிய பிறகு பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது ஒரு தங்கப் பதக்கம். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் 10,000 மீட்டருக்கு எமில் வாங்கிய தங்கம்!

யோசித்துப் பாருங்கள். நாமாக இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருப்போம். எமிலோ, தன்னைப் போலவே பாடுபட்டும் கிடைக்காமல் போன ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டார். பழைய தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு, புள்ளி இரண்டு வினாடியில் தோற்றவனின் வலி என்னவென்று தெரிந்திருந்தது.

ஆகவே, இன்று கிண்ணம் வாங்கிய செல்வங்களே, வாழ்த்துகள். கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுங்கள். ஆனால் மேடையை விட்டு இறங்கியதும் நேராக அந்த ஐந்து பேரிடம் போங்கள். நான்காவதாக வந்தவன் தோளில் கை போடுங்கள்.

கிண்ணம் வாங்காத செல்வங்களே, உங்களோடு ஓட நம் திடல் காத்திருக்கிறது. நம் நாட்டிலும் இப்படி உழைத்து உயர்ந்தவர்கள் உண்டு. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார்; அதே போட்டியில் மு. இராஜமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். அவர்களும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு பள்ளித் திடலில்தானே முதல் அடி எடுத்து வைத்திருப்பார்கள்?

பெற்றோர்களே, இன்று இராத்திரி வீடு திரும்பும்போது, ஏன்டா நீ ஜெயிக்கவில்லை என்று கேட்காதீர்கள். அடுத்த ஆண்டு ஓடுவாயா என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை தலையை ஆட்டினால் போதும். மறுநாள் காலையில் கொஞ்சம் முன்னதாக எழுப்பிவிடுங்கள்.